ஒரு வருஷத் தவணை

அக்கா எதற்கும் உடனே சரியென்றோ முடியாதென்றோ சொல்லிவிட மாட்டார். மரமானாலும் மனிதரானாலும் அவரிடம் ஒரே பதில்தான். "பாப்போம். ஒரு வருஷம் போவட்டும்." அந்த ஒரு வருஷம் முழுக்க அவரைப் போலப் பொறுமையான ஆளை நான் பார்த்ததில்லை. வருஷம் முடிந்த மறுநாள் அவரைப் போல மனசு இறங்காத ஆளையும் பார்த்ததில்லை.

திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால், கால்வாயை நோக்கிப் போகும் மண்சாலையில் நான் வேலை பார்த்த கன்டெய்னர் யார்டு இருந்தது. அதன் பின்சுவருக்கு அந்தப் பக்கம் நாலு ஏக்கரில் அக்காவின் தோப்பு. சுற்றிலும் தொழிற்சாலைச் சுவர், புகைபோக்கி, லாரி நிறுத்துமிடம். நடுவில் அது மட்டும் பச்சையாக நிற்கும். யார்டுக்கு வரும் லாரி டிரைவர்கள் அதைக் காடு என்பார்கள். "காட்டாண்ட வண்டிய போட்டுகிறேன் மேடம்" என்று சொல்லிவிட்டு அதன் நிழலில் தூங்கப் போவார்கள்.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது நிழலுக்காக அல்ல. எங்கள் ஆபீஸில் பெண் என்று நான் ஒருத்திதான். வண்டிகளுக்கு உள்ளே போக, வெளியே போகச் சீட்டுப் போடுவது என் வேலை. பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. "அடுத்த மாசம் கட்டிடலாம்மா" என்று மேனேஜர் மாசாமாசம் சொல்வார். காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பினால் சாயங்காலம் திரும்பும்வரை தண்ணீரே குடிக்காமல் இருக்கப் பழகியிருந்தேன். ஒருநாள் வயிற்றுவலி தாங்காமல் பின்சுவரில் இருந்த சின்னத் தகரக் கதவைத் தட்டினேன்.

திறந்தவர் புடவைக்கு மேல் முழுக்கை ஆம்பிளைச் சட்டை போட்டிருந்தார். ஒரு கையில் சுண்ணாம்பு வாளி, இன்னொரு கையில் மட்டை பிரஷ். ஐம்பத்தைந்து வயதிருக்கும். நெற்றியில் பொட்டு இருந்த இடத்தில் வியர்வையும் சுண்ணாம்பும்.

"இன்னாம்மா?"

சொன்னேன்.

"மோட்டார் ரூமுக்குப் பின்னால கீது, போ. பக்கெட்டு, மக்கு எல்லாம் அங்கியே கீது."

திரும்பி வந்தபோது ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தார். "மொதல்ல இத்த குடி. நாளைலேர்ந்து கதவ தட்டாத, தாப்பா போட மாட்டேன்." அவர் யோசிக்காமல், தவணை வைக்காமல் ஒன்றைச் சரியென்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

அதற்குப் பிறகு மதியச் சாப்பாடும் அங்கேதான். அவருடைய அப்பா தெற்கத்தியிலிருந்து வந்து ராயபுரத்தில் மரவாடி வைத்திருந்தவர். சாரக் கம்புக்காகச் சவுக்குப் போடலாம் என்று இந்த இடத்தை வாங்கிப் போட்டாராம். போகும்போது மேட்டுப் பாதியை மகளுக்கும் கால்வாயோரத் தாழ்வுப் பாதியை மகனுக்கும் எழுதிவைத்துவிட்டுப் போனார். மகன் வண்ணாரப்பேட்டையில் ஜவுளி மொத்த வியாபாரம். அவருக்குத் தோப்புப் பக்கம் வரவே நேரமில்லை. இரண்டையும் அக்காதான் பார்த்தார். வீட்டுக்குள் தெற்கத்திப் பேச்சு, வெளியே மெட்ராஸ் பேச்சு. கோபம் வந்தால் மட்டும் இரண்டும் கலந்து வரும்.

மேட்டில் வரிசையாகச் சவுக்கு. முறை வைத்து வெட்டிக் கட்டடக்காரர்களுக்குக் கம்பாகக் கொடுப்பார். நடுவில் வேம்பும் வாகையும். வாசக்கால், சட்டம் என்று கேட்டு ஆசாரிகள் வருவார்கள். தாழ்வில் பூவரசும் புன்னையும். அதற்கும் கீழே ஒரு குட்டை. கால்வாயிலிருந்து ஒரு சிறிய மதகு வழியாக அதற்குத் தண்ணீர் வரும். மதகை மூட ஒரு மரப்பலகை. குட்டையைச் சுற்றி மழைக்காலத்தில் கம்பு விதைப்பார், அறுக்கமாட்டார். கதிர் முற்றியதும் கிளியும் சில்லைக் குருவியும் வந்து தின்றுவிட்டுப் போகும். பட்டுப்போன இரண்டு பனைகளை வெட்டாமல் நிறுத்தியிருந்தார், கிளி பொந்து வைப்பதற்காக. குஞ்சு பொரிக்கும் மாதங்களில் அந்தப் பக்கம் யாரும் போகக் கூடாது. அவரே போகமாட்டார்.

வெட்ட வேண்டிய மரத்துக்கு இடுப்பு உயரத்தில் சுண்ணாம்பால் ஒரு வளையம் போடுவார். அன்றே வெட்டுவதில்லை. ஒரு வருஷம் அதைப் பார்ப்பார். எது வந்து உட்காருகிறது, எது கூடு கட்டுகிறது, அதன் நிழலில் கீழே எந்தக் கன்று ஏங்குகிறது, அது போனால் வெயில் எங்கே விழும், இதெல்லாம். சிலவற்றுக்கு வருஷக் கடைசியில் வளையத்தைச் சுரண்டிவிடுவார். பெரும்பாலானவற்றை வெட்டுவார்.

"பாவமா இல்லியாக்கா?" என்று ஆரம்பத்தில் ஒருமுறை கேட்டேன்.

"பாவந்தான். இத்த வுட்டா கீழ கீற நாலு கண்ணும் வெளிச்சமில்லாம செத்துப்பூடும். அதுக்கு யாரு பாவப்படறது?"

வெட்டும் நாளில் கூடவே நிற்பார். மரம் சாயும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டார். சாய்ந்த பிறகு அடிக்கட்டையைக் கையால் தடவி, உள்ளே சொத்தை இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். இல்லையென்றால் அன்றைக்கு அதிகம் பேசமாட்டார்.

மனிதர்களிடமும் அதே கணக்குத்தான். எங்கள் யார்டில் உயரமான கம்பத்தில் ஒரு ராட்சச விளக்கு. அதன் வெளிச்சம் ராத்திரி முழுக்க அவர் குட்டைமேல் விழும். ஓர் ஐப்பசியில் அக்கா எங்கள் ஆபீசுக்கு வந்து, விளக்கைக் கொஞ்சம் உள்பக்கமாகத் திருப்பி வைக்கச் சொன்னார். "பட்சிங்களுக்கு ராத்திரின்னு ஒண்ணு வேணாமா சார்?" மேனேஜர் சிரித்துவிட்டார். "கொக்குக்குத் தூக்கம் வரலியாம்" என்று எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அக்கா கோபப்படவில்லை. "பாருங்க, ஒரு வருஷம் டைம் கீது" என்று சொல்லிவிட்டுப் போனார். நடுவில் ஒருதரம்கூட ஞாபகப்படுத்தவில்லை. எதிரில் பார்த்தால் மேனேஜருக்கு வணக்கம் வைப்பார். நாவல் பழம் பழுத்தபோது ஒரு கூடை கொடுத்தனுப்பினார்.

மறு ஐப்பசியில் முதல் பெருமழை வந்தது. எங்கள் யார்டின் மழைத்தண்ணீர் எத்தனையோ வருஷமாக அவர் நிலத்து வாய்க்கால் வழியாகத்தான் கால்வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. அன்றைக்குப் போகவில்லை. முழங்காலளவு நின்றது. மேனேஜர் பேன்டை மடித்துவிட்டுக்கொண்டு தகரக் கதவுக்குப் போனார். வாய்க்கால் வாயில் மண்மூட்டை அடுக்கி, மேலே களிமண் பூசியிருந்தது.

"இன்னாம்மா இப்டிப் பண்ணிட்டீங்க?"

"போன வருஷம் வந்து கேட்டேன் சார். நீங்க சிரிச்சீங்க."

"சொல்லியிருந்தா திருப்பியிருப்பேனே."

"சொன்னேனே."

அன்று மாலையே ஆள் ஏறி விளக்கைத் திருப்பினான். அது திரும்பியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அக்கா மண்மூட்டையை எடுத்தார். அவரே எடுத்தார், யாரையும் விடவில்லை.

இதை நான் ரசித்தேன். ஆனால் எல்லாவற்றையும் ரசிக்க முடியவில்லை. காசிமேட்டில் மரப்படகு கட்டும் ஓடாவி ஒருவர் வருவார். படகின் வளைந்த விலாச் சட்டத்துக்கு இயற்கையாகவே வளைந்த புன்னைக் கிளைதான் வேண்டும் என்பார். அப்படி ஒரு கவட்டையைப் பார்த்துவைத்துக் கேட்டார். அதன் பொந்தில் ஒரு சின்ன ஆந்தை இருந்தது. அக்கா வழக்கம்போல ஒரு வருஷம் கேட்டார். அதற்குள் குஞ்சுகள் பறந்துவிடும், அப்புறம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். ஓடாவி காத்திருந்தார். வருஷம் முடிந்தபோது ஆந்தை அதே பொந்தில்தான் இருந்தது. ஓடாவியே தயங்கினார்.

"வோணாம்மா. நான் வேற எடம் பாத்துக்கறேன்."

"உன்னாண்ட சொன்னது சொன்னதுதான். எடுத்துனு போ."

கவட்டையை வெட்டினார்கள். பொந்து இருந்த துண்டை மட்டும் தனியே அறுத்து, பக்கத்து மரத்தில் கயிற்றால் கட்டிவைத்தார் அக்கா. ஆந்தை அதற்குத் திரும்பவில்லை. தினமும் அந்த மரத்தைக் கடக்கும்போது நிமிர்ந்து பார்ப்பார். "வர்ல" என்பார். அவ்வளவுதான். பல மாதம் அப்படி நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

தோப்புக்கு ஒரு வாட்ச்மேன் இருந்தார். ஒல்லியான மனிதர், எப்போதும் துண்டால் தலையைச் சுற்றியிருப்பார். குட்டையின் மேல்கரையில் ஒரு குடிசையில் இருந்தார். மதகுப் பலகையை ஏற்றி இறக்குவது, கம்புக்கொல்லையில் ஆடு வராமல் பார்ப்பது அவர் வேலை. அக்கா அவரிடம் பேசி நான் பார்த்ததில்லை. சாப்பாட்டைத் தூக்கில் போட்டு, "வாட்ச்மேனாண்ட குடுத்துடு" என்று என்னிடமோ மரம் வெட்ட வந்தவர்களிடமோ கொடுப்பார். அவரும் அப்படித்தான். "அம்மாவாண்ட சொல்லும்மா, மதகுல பலக உளுத்துப்போச்சு." இருவரும் பத்தடி தூரத்தில் நிற்கும்போதுகூட நடுவில் ஓர் ஆள் வேண்டியிருந்தது. முதலாளி தொழிலாளி மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் தூக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, வாழைக்காய் வறுவலைப் பார்த்துவிட்டு அவர், "இது எனக்குப் புடிக்கும்னு அதுக்கு இன்னும் ஞாபகம் கீது" என்றார்.

நான் புரியாமல் பார்த்தேன்.

"நான் அவங்க வூட்டுக்காரன்மா."

லாஞ்சுகளுக்கு இன்ஜின் பார்த்த மெக்கானிக். கையில் தொழில் இருந்தது, கூடவே குடியும் இருந்தது. "ஒரு வருஷம் குடுத்துச்சு. நான் திருந்தல. பொட்டியத் தூக்கி வெளிய வெச்சிடுச்சு." குறையாகச் சொல்லவில்லை, வானிலை சொல்வது போலச் சொன்னார். எங்கெங்கோ அலைந்து, குடல் கெட்டு, பல வருஷம் கழித்துத் தோப்பு வாசலில் வந்து நின்றிருக்கிறார். அக்கா ஒன்றும் கேட்காமல் குடிசைச் சாவியை மரம் வெட்டுகிறவரிடம் கொடுத்து, இவரிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்.

 அக்காவிடமே கேட்டுவிட்டேன்.

"அவரு உங்க வூட்டுக்காரராமேக்கா?"

கையிலிருந்த அரிவாளைத் தண்ணீர் தெளித்துத் தீட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "வூட்டுக்காரன் போயி ரொம்ப நாளாச்சும்மா. இவரு வாட்ச்மேன்."

அடுத்து வந்த ஒரு கார்த்திகை மாதம் புயலும் மழையும் இரண்டு நாள் விடாமல் அடித்தன. மழை விட்ட மறுநாள் காலை, ஆபீஸ் பேப்பர்கள் நனைந்துவிட்டனவா என்று பார்க்க எங்களைக் கூப்பிட்டார்கள். மண்சாலையில் கால் வைக்கும்போதே மூக்கை அறுக்கிற நாற்றம். டீசல் போல, தார் போல. கால்வாய் பெருகி வந்த வெள்ளத்தோடு எங்கிருந்தோ கச்சா எண்ணெயும் வந்திருந்தது. எங்கிருந்து என்று அப்புறம் ஆளாளுக்கு அடுத்தவரைக் கைகாட்டினார்கள். யார்டுச் சுவரில் ஓர் ஆள் உயரத்துக்குக் கறுப்பாகக் கோடு போட்டிருந்தது.

தகரக் கதவைத் தள்ளிக்கொண்டு போனேன். மேட்டுப் பாதி அப்படியே இருந்தது. தாழ்வில் மரங்களெல்லாம் கறுப்பு நீரில் நின்றன. அக்கா தொடையளவு எண்ணெயில் நின்றுகொண்டிருந்தார். குட்டைக் கரைப் பூவரசு ஒன்றின் கிளையில் வாட்ச்மேன் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தார். தலையிலிருந்து கால்வரை கறுப்பு. கண் மட்டும்தான் தெரிந்தது. விடியற்காலை நாற்றம் வந்ததும், குட்டைக்குள் எண்ணெய் வராமல் மதகை அடைக்க இறங்கியிருக்கிறார்.

என்னைப் பார்த்ததும் மேலிருந்து சொன்னார். "பலகைய போட்டுட்டேன்னு அம்மாவாண்ட சொல்லும்மா. அதுக்குள்ள கரை மேலயே வந்துட்ச்சி."

அக்கா நேராக அவரைப் பார்த்துச் சொன்னார். "நீ எதுக்கு எறங்குன? கொளம் போனா போவுது. உன்ன யாரு எறங்கச் சொன்னது?"

 வாட்ச்மேன், தன்னிடம்தான் பேசுகிறாரா என்று தெரியாமல், என்னைப் பார்த்தார்.

"உன்னத்தான். எறங்கு. கைய குடு."

அவர் இறங்கினார். அக்கா மார்பளவு ஆழத்துக்குப் போய்க் கையைப் பிடித்தார். எண்ணெயில் கை வழுக்கியது. அக்கா அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு அடியாகக் கால் ஊன்றி மேட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். மோட்டார் ரூம் வாசலில் உட்காரவைத்து, தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்து, சீயக்காய் போட்டு, மறுபடி எண்ணெய் தடவி, அவர் பழைய நிறத்துக்கு வர மதியம் ஆகிவிட்டது. அவர் இருமிக்கொண்டே இருந்தார். அக்கா "பேசாத" என்று மட்டும் இரண்டு தரம் சொன்னார்.

பிறகு பறவைகள். நீர்க்கோழி, மடையான், பெரிய கொக்கு ஒன்று. இறக்கை ஒட்டிக்கொண்டு கரையில் கிடந்தன. அதே தேங்காய் எண்ணெய், அதே சீயக்காய். நானும் கழுவினேன். கையில் பிடிக்கும்போது அவற்றின் நெஞ்சு அடிப்பது விரலில் தெரிந்தது. கழுவித் துடைத்துச் சாக்கில் வைத்தோம். உள்ளே எண்ணெயைக் குடித்திருந்தன போலிருக்கிறது, சாயங்காலத்துக்குள் ஒவ்வொன்றாகத் தலை தொங்கிவிட்டது. ஒரே ஒரு மடையான் பிழைத்தது. அதைச் சவுக்கு வரிசைக்கு நடுவே விட்டோம். பறக்காமல் நடந்து போயிற்று.

அடுத்த வாரம் வண்ணாரப்பேட்டைத் தம்பி வந்தார். அவருடைய கிடங்கு தரைத்தளம். தீபாவளி போக மீந்ததும் பொங்கலுக்கு எடுத்ததுமாகச் சரக்கு எல்லாம் தண்ணீரில் ஊறிப்போயிருந்தது. ஆள் பாதியாகத் தெரிந்தார். கீழே இறங்காமல் மேட்டிலேயே நின்று பார்த்தார்.

"யார்டுக்காரர் எம் பாதியைக் கேக்காருக்கா. முந்தியே கேட்டவர்தான். நீ சொன்னாத்தான் குடுப்பேன்."

யார்டுக்காரர் என்றால் என் முதலாளி. நான் எழுந்து தள்ளிப் போனேன். ஆனாலும் காதில் விழுந்தது.

"ஒரு வருஷம் பாக்கேன்ல. அடுத்த கார்த்திகைக்குள்ள கீழ உள்ள மரம் துளிர்க்கலைன்னா குடுத்துரு. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"சரிக்கா" என்றார் தம்பி. அவருக்கும் ஒரு வருஷம் தாக்குப்பிடிப்பது கஷ்டம் என்று முகத்தில் தெரிந்தது. இருந்தாலும் அவர் அக்காவின் தம்பி. பேரம் பேசவில்லை.

அந்த ஒரு வருஷம் அக்கா உழைத்தது போல ஒருவரும் உழைத்து நான் பார்த்ததில்லை. எண்ணெய் ஊறிய மேல்மண்ணை ஒட்டக் கொத்தி அள்ளி மூட்டை கட்டினார். அடிமரத்தில் அப்பியிருந்ததை மரக்கரண்டியால் சுரண்டினார். லாரி லாரியாகச் சாணமும் செம்மண்ணும் வந்தன. கிணற்றிலிருந்து நல்ல தண்ணீரை இறைத்து வேருக்கு விட்டுக்கொண்டே இருந்தார். வாட்ச்மேன் இருமிக்கொண்டே மோட்டாரைப் பார்த்துக்கொண்டார். இப்போது இருவரும் பேசினார்கள். "போடு", "நிறுத்து", "சாப்ட்டியா", இவ்வளவுதான். ஆனால் நடுவில் ஆள் தேவைப்படவில்லை.

கோடையில் ஒரு புன்னை துளிர்த்தது. அக்கா கூப்பிட்டுக் காட்டினார். பத்து நாளில் அந்த இலை மஞ்சளாகி உதிர்ந்தது. ஆடியில் பூவரசுகளின் பட்டை உரிய ஆரம்பித்தது. குட்டையில் தவளைகூடக் கத்தவில்லை. இம்முறை அவர் எந்த மரத்துக்கும் சுண்ணாம்பு வளையம் போடவில்லை. போடத் தேவையில்லாமல் இருந்தது.

கார்த்திகை பிறந்தது. அந்த வாரம் குட்டைக் கரையில் நின்ற பூவரசின் அடித்தூரிலிருந்து ஒரு குருத்து வந்திருந்தது, விரல் நீளத்துக்கு. அக்கா அதன் முன்னால் வெகுநேரம் குந்தியிருந்தார். பிறகு என்னிடம், "நாளைக்கு லீவு சொல்ல முடியுமா? என்னோட வண்ணாரப்பேட்டை வரையும் வரியா?" என்றார். எந்த இடத்துக்கும் அவர் துணை கேட்டதில்லை.

மெட்ரோவில் போனோம்.  அக்கா வழி முழுக்க ஜன்னல் வழியாகக் கூரைகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். சலவைப் புடவை கட்டியிருந்தார், அந்த ஆம்பிளைச் சட்டை இல்லாமல் அவரை நான் பார்த்தது அன்றுதான். தோள் அவ்வளவு ஒடுங்கியிருக்கும் என்று நினைக்கவில்லை.

தம்பியின் கடையில் அலமாரிகள் பாதி காலியாக இருந்தன. எங்களைப் பார்த்ததும் தம்பி வேலையாளை டீக்கு அனுப்பினார். மகள் கல்யாணம் தள்ளிப்போனதைப் பற்றிக் கொஞ்சம் பேசினார். அக்கா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, டீயைத் தொடாமலே சொன்னார்.

"ஒரு பூவரசு துளிர்த்திருக்குல."

"ஒண்ணா?"

"ஒண்ணுதான்."

தம்பி காலி அலமாரிகள் பக்கம் பார்த்தார்.

"இன்னொரு வருஷம் வேணும்" என்றார் அக்கா. குரல் தழைந்திருந்தது. "கேக்கக் கூடாதுதான். கேக்கேன்."

தம்பி தலையைக் குனிந்துகொண்டு மேஜைமேல் இருந்த இன்ச் டேப்பைச் சுருட்டினார், பிரித்தார். அவர் கோபமாக இல்லை. கண் கலங்கியிருந்தது.

"நீ யாருக்காவது இன்னொரு வருஷம் குடுத்திருக்கியாக்கா?"

அக்கா அவரையே பார்த்தார்.

"அத்தான் கடைசி ஒரு மாசம் குடிக்கவே இல்ல. உனக்குத் தெரியும். தவணை முடிஞ்ச அன்னிக்கு வாசல்ல நின்னு, இன்னும் ஒரே ஒரு மாசம் பாருன்னு கேட்டாரு. நான் உள்ள நின்னு கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். நீ பொட்டியை எடுத்து வெளிய வச்ச."

கடைக்கு வெளியே மூட்டை ஏற்றுகிற சத்தம். யாரோ வழி கேட்டுத் திட்டிக்கொண்டு போனார்கள்.

"கேட்டாரு" என்றார் அக்கா. "நான் குடுக்கல."

புடவைத் தலைப்பை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டார். "குடுத்திருக்கணும்ல."

தம்பி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என்னால முடியாதுக்கா. வட்டிக்காரன் கடைல வந்து உக்காருதான். உங்கிட்ட இல்லன்னு சொல்றதுக்கு எனக்கு வாய் வரல. ஆனா முடியாது."

"எனக்குத் தெரியுது. வித்துரு." எழுந்தார். பிறகு ஞாபகம் வந்தவர் போல நின்று, ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, தம்ளரை வேலையாளிடம் கொடுத்தார். திரும்பி வரும்போது ரயிலில் என் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கை சொரசொரவென்று மரப்பட்டை போலிருந்தது. இறங்கும்வரை விடவில்லை.

தை மாதத்துக்குள் எல்லாம் முடிந்தது. கீழ்ப்பாதி மரங்களை இயந்திரம் வைத்து ஒரே நாளில் பிடுங்கினார்கள். குட்டையில் கல்லும் மண்ணும் கொட்டி மேடாக்கினார்கள். துளிர்த்த பூவரசை அக்கா எடுத்து நடவில்லை. "அவ்ளோ பெரிய வேரு எடம் மாறாது" என்று விட்டுவிட்டார். என் ஜன்னலிலிருந்து பார்த்தால் முன்பு பச்சை தெரிந்த இடத்தில் நீலமும் சிவப்புமாகக் கன்டெய்னர்கள் அடுக்கியிருந்தன. அந்த ஆபீஸில் எனக்கு அப்புறம் இருப்புக் கொள்ளவில்லை. மாதவரம் பக்கம் ஒரு கிடங்கில் வேலை கிடைத்ததும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

சொல்லிக்கொண்டு வரலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். மேட்டுப் பாதியில் சவுக்கு வரிசையைக் காணோம். வெட்ட இன்னும் இரண்டு வருஷம் இருந்த மரங்கள். அவருக்கு வருமானமே அதுதான். முழுவதையும் வெட்டி இளசாகவே கொடுத்துவிட்டு, அந்த இடத்தில் பெரிதாக ஒரு பள்ளம் எடுத்துக்கொண்டிருந்தார். புதுக் குட்டை. ஒரு கரையில் கம்பு ஏற்கெனவே முளைத்து நின்றது.

பள்ளத்துக்குள் அக்கா மண்ணை வெட்டினார். வாட்ச்மேன் கரையில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து, மேலே வரும் கூடையை வாங்கிக் கொட்டினார். அவரால் அவ்வளவுதான் முடிந்தது. அக்காவுக்குப் பக்கத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தம்பி நின்றிருந்தார். வெள்ளை பனியன் முழுக்கச் சேறு. நிலத்தை விற்றதிலிருந்து அவர் ஞாயிறுதோறும் வருகிறாராம். முதல் வாரம் வாசலோடு நின்றிருக்கிறார். அக்காதான் உள்ளே கூப்பிட்டாராம்.

மண்வெட்டியை அவருக்குப் பிடிக்கத் தெரியவில்லை. இரண்டு வெட்டு வெட்டுவார், நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொள்வார். என்னைப் பார்த்து வெட்கத்தோடு சிரித்தார். பிறகு சுற்றிலும் பார்த்தார். ஒரு பக்கம் எங்கள் யார்டின் புதுச்சுவர், ஒரு பக்கம் புகைபோக்கி.

"இவ்வளவு கஷ்டப்படுதோமே, இதுக்கு ஏதாவது வருமாக்கா?"

"வரலாம்."

"எப்ப வரும்?"

"எனக்கு என்னல தெரியும்" என்றார் அக்கா. "தோண்டு."